கல் இல்லாத சலவை

ஒரு துணியை யாராவது உடுத்தித் தேய்த்தால்தான் அது பழசாகும். அந்தப் பொறுமை ஐரோப்பாக்காரனுக்கு இல்லை. முழங்கால் வெளுத்து, தொடை மடிப்பில் கோடு விழுந்து, நாலு வருஷம் உழைத்த மாதிரி இருக்கிற ஜீன்ஸ் அவனுக்குக் கடையிலேயே கிடைக்க வேண்டும். உழைக்கிற வேலையை மட்டும் வேறு யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். இத்தாலிக்கு எதிர்க்கரையில், மொனஸ்தீர் வளைகுடா ஓரத்தில் இருக்கும் எங்கள் சலவை ஆலைகளெல்லாம் இந்த வீம்பை நம்பித்தான் பிழைக்கின்றன.

ரஃபீக்கா வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அதைக் கல்லைக் கொண்டு செய்தார்கள். ஆள் உயர டிரம்மில் ஜீன்ஸைப் போட்டு, கூடை கூடையாக நுரைக்கல்லைக் கொட்டி, தண்ணீர் விட்டுச் சுற்றவிடுவார்கள். அந்தக் கடகடச் சத்தம் தூக்கத்திலும் அவள் காதில் கேட்கும். பிறகு நீலத் தண்ணீரும் கல்பொடியும் எங்கே போகும்? கடலுக்குத்தான். வளைகுடா சாயக் குட்டையாயிற்று. மீன் செத்து மிதந்தது. கடலைப் பார்த்த ஜன்னலை யாரும் திறப்பதில்லை. ஊர் கத்தியது, முதலாளி காதில் விழவில்லை. துணி வாங்குகிற கம்பெனிகளே கத்த ஆரம்பித்த பிறகுதான் அவருக்குக் காது திறந்தது. டிரம்கள் போயின, லேசர் வந்தது. கல்லும் வேண்டாம், மருந்தும் தெளிக்க வேண்டாம், தண்ணீரும் பேருக்குத்தான். ஜீன்ஸை மேஜையில் விரித்தால் ஒளி ஓடி மேல் நீலத்தைச் சுட்டு வெளுத்துவிடும். லேசாகப் பொசுங்கிய பருத்தி வாசனை வரும். இரண்டு வருஷத்தில் கரையோரம் மடவை மீன் திரும்பி வந்தது. ரஃபீக்கா டிரம்மை விட்டு லேசர் மேஜைக்கு மாறினாள்.

ஆனால் லேசருக்கு எங்கே வெளுக்க வேண்டும் என்று யார் சொல்லிக்கொடுப்பது? அதற்கு ஒரு நிஜ ஜீன்ஸ் வேண்டும், நிஜமாகவே ஒருவன் உடுத்தித் தேய்த்தது. அதைப் படம் பிடித்து மெஷினுக்குக் கொடுத்தால், அதே தேய்மானத்தை ஆயிரம் துணியில் அது வரைந்து தள்ளும். இதற்காகவே ஆலையில் யாராவது ஒருவருக்குப் புது ஜீன்ஸைக் கொடுத்து, துவைக்காமல் ஆறு மாதம் போடச் சொல்வது வழக்கம். அந்தத் தடவை அது வாசல் காவலாளி ஹமாதிக்கு வாய்த்தது. அவனோ அதை ஆணியில் மாட்டிவிட்டுத் தன் தொளதொளப் பைஜாமாவிலேயே ஆறு மாதத்தையும் ஓட்டிவிட்டான்.

ஆலையில் எல்லோரும் மரியாதையாக 'சி ஸுஹைர்' என்று கூப்பிடும் பொறியாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். துணி வாங்குகிற பாரிஸ்காரர்கள் அந்த வாரமே மாதிரித் துணி கேட்டிருந்தார்கள்.

"என்ன ஹமாதி, இது போட்ட துணியா, மாட்டின துணியா?"

"தொடை எரியுது சி ஸுஹைர். ஒட்டகத் தோல் மாதிரி விறைச்சுக்கிட்டு நிக்குது. சாய நாத்தம்னு பொண்டாட்டி வேற கிட்ட சேர்க்க மாட்டேங்கிறா. நான் குடும்பம் நடத்தவா, உங்க பேண்ட நடத்தவா?"

ரஃபீக்காதான் வழி கண்டுபிடித்தாள். அவள் தம்பி வஜ்தி டைல்ஸ் ஒட்டுகிறவன். ஒரே ஜீன்ஸைத்தான் வருஷக்கணக்காகப் போட்டுக்கொண்டிருந்தான். இடது முட்டியை ஊன்றியே வேலை பார்ப்பதால் அந்த முட்டி மட்டும் பாலாக வெளுத்திருந்தது. வலது இடுப்பில் அளவு டேப் செருகிச் செருகி ஒரு வட்டம் விழுந்திருந்தது. இதைவிட உழைத்த துணி பாரிஸ்காரனுக்கு எங்கே கிடைக்கும்?

"எதைக் கட்டிக்கிட்டு நான் வேலைக்குப் போறது? உன் பாவாடையையா?" என்றான் வஜ்தி.

"ஒரு நாள்தாண்டா. படம் எடுத்துட்டுத் திருப்பிக் குடுத்துடுவேன்."

"என் முட்டியப் பார்த்து பாரிஸ்காரன் சொக்கிப்போயிடுவானா, அக்கா?"

"உன் மூஞ்சியப் பார்த்தா ஓடிப்போயிடுவான். முட்டி பரவால்ல."

சொன்னபடி மறுநாள் திருப்பிக் கொடுத்தாள். அடுத்த மாதம் அதையே போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல், தெற்கே போய்ப் படகேறிவிட்டான் வஜ்தி. இத்தாலிக்குத்தான், வேறெங்கே? இந்த ஊரில் மீசை முளைத்த ஒவ்வொருவனுக்கும் அந்தப் புத்தி ஒரு தடவை வந்துதான் தீர்கிறது. போய்ச் சேர்ந்தவர்கள் ஃபோன் பண்ணுவார்கள். அவன் ஃபோன் வரவில்லை. அவனோடு போன பையன்கள் ஒருவனுடையதும் வரவில்லை. ஒரு தீவில் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று ஒரு பேச்சு இருந்தது. படகே கரையேறவில்லை என்று இன்னொரு பேச்சு. எங்கள் வளைகுடாவிலேயே ஒரு படகு கிடந்து வெயிலில் வெளுக்கிறது, அதை யாருடையது என்று யாரும் கேட்பதில்லை.

அதற்குப் பிறகுதான் ஒரு காலை ரஃபீக்கா மேஜையிலிருந்து ஒரு ஜீன்ஸை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். இடது முட்டி வழக்கத்தைவிட வெளுப்பாக இருந்தது. முதலில் மெஷின் சூடு அதிகமோ என்று நினைத்தாள். மற்ற இடமெல்லாம் சரியாகத்தான் இருந்தது. அந்த முட்டியில் மட்டும் நூல் தெரிய ஆரம்பித்திருந்தது.

ஸுஹைர் வந்து பார்த்தார். திரையில் இருந்த படத்தைப் பார்த்தார். படம் மாறவே இல்லை.

"நீ படத்துல கை வச்சியா?"

"நான் ஏன் கை வைக்கறேன், சி ஸுஹைர்?"

"பின்ன மெஷினுக்குச் சொந்தப் புத்தி வந்துடுச்சா?"

லென்ஸைத் துடைத்தார். படத்தை அழித்துவிட்டுப் பழைய பிரதியை ஏற்றினார். பக்கத்து மெஷினில் போட்டுப் பார்த்தார். எந்த மெஷினில் போட்டாலும் அந்த முட்டி அப்படியே வந்தது. ஒரு வாரம் போனதும் இன்னும் கொஞ்சம் தேய்ந்து வந்தது. மற்ற மாதிரிகளில் ஒரு குறையும் இல்லை. வஜ்தியின் ஜீன்ஸ் மட்டும், யாரோ அதைத் தினமும் மாட்டிக்கொண்டு எங்கோ போய் வருகிற மாதிரி, மெஷினுக்குள்ளேயே பழசாகிக்கொண்டிருந்தது. பக்கத்து மேஜைப் பெண்கள் சாம்பிராணி போட்டார்கள். புகை எச்சரிக்கை மணி அலறி, ஆலையே வெளியே ஓடி, ஸுஹைர் கண்டபடி திட்டினார். அதற்குப் பிறகு அந்த மேஜைக்கு ரஃபீக்காவைத் தவிர யாரும் வருவதில்லை.

உண்மையைச் சொன்னால் அவளுக்குப் பயமாக இல்லை. சந்தோஷமாக இருந்தது. இடது முட்டி தேய்கிறதென்றால் என்ன அர்த்தம்? அவன் டைல்ஸ் ஒட்டுகிறான். எங்கேயோ ஓர் இத்தாலிக்காரன் வீட்டுக் குளியலறையில் மண்டியிட்டு உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு வேலை செய்கிறான். ஃபோன் இல்லையோ, அங்கே தங்க அனுமதிக் காகிதம் இல்லையோ, வெட்கமோ, என்ன எழவோ, உயிரோடு இருக்கிறான்.

கழித்துப்போட்ட ஒரு துணியை மடித்துப் பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனாள். அவள் உம்மா மஹ்பூபா அதுவரை வாரக்கணக்காக ஃபோனை மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். சாப்பிடு என்றால் சாப்பிடுவாள், படு என்றால் படுப்பாள், அவ்வளவுதான். அவள் கையில் துணியைக் கொடுத்து ரஃபீக்கா விஷயத்தைச் சொன்னாள். மஹ்பூபா அந்த முட்டியைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

"எம் புள்ள முட்டிதான்," என்றாள். "ஒரு மெத்தைத் துண்டு வச்சுக்கடான்னு எத்தன தடவ சொன்னேன். கேட்டாத்தானே."

அன்றைக்கு அவள் எழுந்து குஸ்குஸ் ஆக்கினாள். அவன் பங்கை எடுத்து மூடி வைத்தாள். வெள்ளிக்கிழமை தவறாமல் ரஃபீக்கா ஒரு துணி கொண்டுவர வேண்டும் என்பது சட்டமாயிற்று. மற்ற வீடுகளில் மகனிடமிருந்து பணம் வந்ததா என்று கேட்பார்கள். இந்த வீட்டில் பேண்ட் வந்ததா என்று கேட்டார்கள்.

வலது முட்டியும் வெளுத்தது. ரெட்டை வேலை பார்க்கிறான் என்று உம்மா சொன்னாள். பின்பக்கம் வெளுத்தது. கொஞ்சம் உட்காரவும் நேரம் கிடைக்கிறதே என்று மகிழ்ந்தாள். பை ஓரங்கள் நைந்தன, கால் விளிம்பில் பிசிர் கிளம்பியது. அதோடயே தூங்கறான் போல என்று திட்டினாள். ரஃபீக்கா எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டாள். அவளுக்கும் அந்த ஆமாம் தேவையாகத்தான் இருந்தது.

இதற்கிடையில் தெற்கே ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து சொல்லியனுப்பினார்கள். கரை ஒதுங்கும் உடல்களுக்குப் பெயர் தெரிவதில்லை, நம்பர் போட்டுப் புதைக்கிறோம், காணாமல் போனவர்களின் தாய்மார் வந்து எச்சில் கொடுத்தால் ஒத்துப் பார்த்துச் சொல்வோம் என்றார்கள். அதே படகில் போன பையன்களின் தாய்மார் வேன் பிடித்துப் போனார்கள். மஹ்பூபாவையும் கூப்பிட்டார்கள்.

"போங்க, நீங்க போங்க," என்றாள் மஹ்பூபா. "உயிரோட இருக்கறவனுக்கு எதுக்கு எச்சில் குடுக்கறது? துப்பினா அவன் ஆயுசு குறையும்."

அவர்கள் ரஃபீக்காவின் முகத்தைப் பார்த்தார்கள். "அவன் வேலையில இருக்கான், அக்கா," என்று ரஃபீக்கா சொல்லி வேனை அனுப்பிவைத்தாள். அந்தப் பொய்க்கு அவள் நாக்கு கொஞ்சமும் தடுக்கவில்லை. அப்போது அது பொய் என்று அவளுக்கே தெரியாது.

இன்னொரு பக்கம் அந்த ஜீன்ஸ் சக்கைப்போடு போட்டது. குறையென்று ஸுஹைர் பயந்து பயந்து அனுப்பியதைப் பார்த்துப் பாரிஸ்காரர்கள் வாயைப் பிளந்தார்கள். வாரத்துக்கு வாரம் மாறுகிறதாம், உயிருள்ள துணியாம், இன்னும் வேண்டுமாம். எவனோ ஒருத்தன் லியோன் நகரத்தில் காப்பி குடித்துக்கொண்டிருப்பான், அவன் இடுப்பில் என் ஊர் டைல்ஸ்காரனின் டேப் வட்டம் இருக்கும். அதற்குமேல் ஸுஹைர் மெஷினை நோண்டவில்லை. தண்ணீரை மிச்சப்படுத்தியதற்காக ஆலைக்கு ஒரு விருது வேறு வந்தது.

விருதைக் கொடுக்க பிரான்ஸிலிருந்து ஓர் அம்மா வந்திருந்தாள். நரைத்த முடி, தட்டையான செருப்பு, நல்ல மனுஷி. ஊர்க் கடலில் மீன் திரும்பியதைக் கேட்டுக் கண் கலங்கினாள். பாதாம் பருப்பு போட்ட டீயைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு மேஜையாகப் பார்த்துக்கொண்டே ரஃபீக்காவிடம் வந்தாள். அப்போதுதான் முடிந்திருந்த ஜீன்ஸை எடுத்துத் தூக்கிப் பிடித்தாள்.

"என்ன அற்புதமான கல் சலவை," என்றாள். "என் சின்ன வயசுல பார்த்தது. டிரம்ல மணிக்கணக்கா உருண்ட மாதிரியே இருக்கு. கல்லே இல்லாம இத எப்படிக் கொண்டுவந்தீங்க?"

"ஒரு கல் இல்லை மேடம்," என்றார் ஸுஹைர் பூரித்துப்போய். "ஒரு சொட்டுத் தண்ணி இல்லை."

ரஃபீக்கா அந்தத் துணியைப் பார்த்தாள். இத்தனை நாள் முட்டியை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தவள் இப்போதுதான் முழுத் துணியையும் பார்த்தாள்.

உடம்பு தேய்க்கிற துணிக்கு ஒரு ஒழுங்கு உண்டு. எங்கே மடங்குகிறதோ அங்கே கோடு விழும், மடிப்பின் உள்ளே நீலம் அப்படியே தங்கும். முழங்காலின் பின்பக்கம் அதனால்தான் இருட்டாக இருக்கும். கல்லுக்கு அந்த ஒழுங்கு கிடையாது. அதற்கு முட்டியும் ஒன்றுதான், தையலும் ஒன்றுதான். மேடாக இருப்பதையெல்லாம் கடிக்கும். துணி புரளப் புரள மடிப்புக்குள்ளும் புகுந்து வெளுக்கும். டிரம்மிலிருந்து வாரிப்போட்ட வருஷங்களில் இதை அவள் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள். அவள் கையில் இருந்த ஜீன்ஸில் தையல் முழுக்க வெளுத்திருந்தது. பெல்ட் வளையங்கள் வெளுத்திருந்தன. முழங்காலின் பின்பக்கம் முன்பக்கம் போலவே இருந்தது. டேப் வட்டம் இருந்த இடம்கூடத் தெரியவில்லை.

இதை யாரும் உடுத்தி நடக்கவில்லை. இது தண்ணீருக்கடியில், கல்லும் மணலும் கிடக்கும் தரையில், அங்கும் இங்கும் புரண்டுகொண்டிருக்கிறது. அவளுக்குக் கடகடவென்று அந்தப் பழைய சத்தம் கேட்டது. டிரம்களை எடுத்து எத்தனையோ வருஷமாகிவிட்டது, ஆனால் கேட்டது. எல்லோரும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். மெஷினில் ஒளி ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த துணியில் அவன் இன்னொரு தடவை புரண்டான்.

வீட்டுக்குப் போய் அவள் உள்ளதைச் சொன்னாள். மஹ்பூபா அவளைக் கன்னத்தில் அறைந்தாள்.

"கல்லா? எம் புள்ள என்ன கல்லா? வேலை பார்க்கறவனப் பார்த்து வயிறெரியறியா? நீ போகலை, அவன் போயிட்டான், அதான உனக்கு?"

"உம்மா, பின்முட்டியப் பாரு. ஆளு உள்ள இருந்தா அங்க நீலம் இருக்கணும்."

"அவன் ஆளு இல்லையா?"

மஹ்பூபா துணியைப் பிடுங்கி மற்ற துணிகளோடு பெட்டியில் வைத்து மூடினாள். குஸ்குஸ் தட்டை மூடி வைத்தாள். மறுவெள்ளியும் பேண்ட் எங்கே என்று கேட்டாள்.

ரஃபீக்கா மெஷினை நிறுத்தியிருக்கலாம். படத்தை அழித்துவிடுகிறேன் என்று ஸுஹைரிடம் கெஞ்சிக்கூடப் பார்த்திருக்கலாம். செய்யவில்லை. அழித்துவிட்டால் தம்பியிடமிருந்து வருகிற ஒரே சேதியும் நின்றுவிடும். தினமும் காலையில் முதல் துணியைத் தானே விரித்து, தானே எடுத்து, முந்தின நாள் துணிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். தொடையில் ஒரு கிழிசல் வந்தது. இடது காலில் விளிம்பு போயிற்று. ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு வேலையைத் தொடங்குவாள். அந்தக் காலைகளை அவள் எப்படிக் கடந்தாள் என்று எனக்குத் தெரியாது, நானாக இருந்தால் ஓடியிருப்பேன்.

பிறகு பெரிய காற்று அடித்தது. தெற்கிலிருந்து வடக்குவரை எந்தப் படகும் இறங்கவில்லை. காற்று நின்ற மறுநாள் ஒரு துணி வந்தது. அதற்கு அடுத்த நாள் வந்ததைப் பக்கத்தில் வைத்தாள். இரண்டும் ஒன்றுபோல் இருந்தன. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். ஒரு நூல் கூடுதலாகப் பிரிந்திருக்கவில்லை. மூன்றாவது நாளும் அப்படியே. அவள் ஏப்ரனைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, மூன்று துணியையும் எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் வெளியே நடந்தாள்.

மஹ்பூபா அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். ரஃபீக்கா மூன்றையும் அவள் முன்னால் விரித்தாள். மஹ்பூபா கையைத் துடைத்துக்கொண்டு முட்டியைத் தொட்டாள், தையலைத் தொட்டாள், கிழிசலுக்குள் விரலை விட்டாள். ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போனாள். திரும்ப முதலாவதற்கு வந்தாள்.

"மூணும் ஒண்ணா இருக்கே," என்றாள்.

"ஆமா உம்மா."

"வேலைக்குப் போகலையா?"

"போகலை."

"படுத்திருக்கானா?"

"படுத்திருக்கான்."

மஹ்பூபா மடியில் கிடந்த அவரைக்காய்த் தோலை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டில் போட்டாள்.

"எங்க?"

"கரையில, உம்மா. கரைக்கு வந்துட்டான்."

மஹ்பூபா எழுந்தாள். அடுப்பை அணைத்தாள். வெள்ளைப் போர்வையை எடுத்துத் தலையோடு சுற்றிக்கொண்டு வாசலில் போய் நின்றாள். தெற்கே போகிற வாடகை வண்டியில் வழி நெடுக அவள் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. கடல் அந்தப் பக்கம்தான் இருந்தது.

ஆஸ்பத்திரி நடையில் அவர்களை ஒரு பெஞ்சில் உட்காரவைத்தார்கள். ஒரு நர்ஸ் வந்து உறையைக் கிழித்துப் பஞ்சுக் குச்சியை எடுத்தாள்.

"பேரு, வயசு அப்புறம் கேக்கறேன். மொதல்ல வாயைத் திறங்கம்மா."

மஹ்பூபா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"நீல பேண்ட் போட்டிருப்பான், மகளே. துணி ரொம்ப நைஞ்சிருக்கும். தூக்கறப்ப பேண்டப் புடிச்சுத் தூக்க வேணாம்னு சொல்லு. கிழிஞ்சுடும்."

நர்ஸ் சரி என்றாள். மஹ்பூபா வாயைத் திறந்தாள்.